பெரணி நுனி கருகினால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

போன வாரம் எங்கள் தெரு அக்கா ஒருவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். போஸ்டன் பெரணி (ஆங்கிலத்தில் ஃபெர்ன்). இலை நுனியெல்லாம் புளியம்பழ ஓடு நிறத்தில் கருகியிருந்தது. "தெனம் ரெண்டு வேளை ஊத்துறேன் தம்பி, அப்படியும் காயுது" என்றார். மண்ணைப் பார்த்தேன். தொட்டி விளிம்பு முழுக்க வெள்ளைப் பொருக்கு. பதினோரு வருடத்துக்கு முன்னால், வடசென்னையின் இதே பழைய வண்ணாரப்பேட்டையில், வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே உள்ள மூன்றடிச் சந்தில் நான் பறிகொடுத்த ஒன்பது தொட்டிகளும் இப்படித்தான் இருந்தன.

நேர் வெயிலில் வைக்காதீர்கள், மண்ணைக் காயவிடாதீர்கள் என்பதையெல்லாம் வாங்கும்போதே நர்சரியில் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

நிழல் என்றால் இருட்டு என்று நினைப்பது

மத்தியானம் விளக்குப் போடாமல் பேப்பர் படிக்க முடிகிற இடம்தான் பெரணிக்கு நிழல். அதைவிட இருட்டான சந்தில் இலை நீளும், அடர்த்தி வராது. மேற்குச் சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம். கத்திரி வெயில் நாட்களில் கடற்காற்று வரத் தாமதமானால், அந்தச் சுவர் ராத்திரி வரை அனல் விடும்.

போர் தண்ணீரும் ஆர்.ஓ. கழிவுநீரும்

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை வருடம் ஆகியும் யாராவது இந்தத் தவறைச் செய்வதைப் பார்த்தால் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. அவர்கள் அக்கறையோடுதான் ஊற்றுகிறார்கள். அந்த அக்கறையே செடியைக் கொல்கிறது.

வடசென்னையில் கடலை ஒட்டிய பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. வடக்கே மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததில் 1960களின் கடைசியிலேயே கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. அந்த வட்டாரத்திலேயே காட்டுப்பள்ளியில் 2010ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் திறந்தார்கள். உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். என் வீட்டு போர் தண்ணீரில் வைத்தால் லிட்டருக்கு 1,840 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தரம் சொல்லும் அளவு 500, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. ஆக, மனிதர் வேறு வழியில்லாமல் குடிக்கலாம். பெரணியின் மெல்லிய வேர் அதைத் தாங்காது.

மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டுக் குலுக்கினால் தண்ணீர் விடும் இல்லையா? வேருக்கும் அதே கதிதான். மண்ணில் உப்பு ஏறிவிட்டால் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. கொஞ்சம் உறிஞ்சினாலும், இலை நுனி வரை போன தண்ணீர் ஆவியாகிவிடும், கூடப் போன உப்பு அங்கேயே தங்கிவிடும். நுனி முதலில் கருகுவது அதனால்தான். பார்க்கிறவர் கண்ணுக்கு அது தாகமாகத் தெரிகிறது. இன்னும் ஊற்றுகிறார். ஒவ்வொரு குவளையோடும் இன்னும் கொஞ்சம் உப்பு இறங்குகிறது. என் ஒன்பது தொட்டிகளும் கருகியபோது நான் கூட்டிக்கொண்டு வந்து காட்டிய ஒரு செடிக்காரர் "சத்து பத்தலை" என்று உரம் போடச் சொன்னார். உரமும் ஒரு வகை உப்புதான். போட்டேன். பத்தே நாளில் நான்கு தொட்டி போனது.

ஆர்.ஓ. கழிவுநீர் இதைவிட மோசம். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில், அந்தக் குழாயை நேராகத் தொட்டிக்குள் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல தண்ணீரை நமக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, உப்பையெல்லாம் மிச்சத்தில் சேர்த்து வெளியே தள்ளுவதுதான் அந்த மெஷினின் வேலை. எங்கள் வீட்டில் அந்த மிச்சத்தை அளந்தபோது 2,500ஐத் தாண்டியது. அதில் வாசல் கழுவுங்கள், கழிவறைக்கு ஊற்றுங்கள். பெரணிப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம் எதை ஊற்றுவது? மழைத்தண்ணீருக்கு நிகர் எதுவும் இல்லை. சென்னை மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான் கொட்டுகிறது. மாடிக் குழாயின் கீழே 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, கொசு போகாதபடி வலையை இறுக்கிக் கட்டிவிட்டால், பத்து தொட்டிக்குச் சிக்கனமாக மாசி வரை ஓட்டலாம். கோடையில் ஏ.சி. தண்ணீர். காற்றிலிருந்து குளிர்ந்து சொட்டுவது என்பதால் அதில் உப்பு இல்லை. இரவு முழுக்க ஓடினால் வாளி நிறையும். ஏ.சி. சர்வீஸ் செய்த அன்றைக்கு மட்டும் பிடிக்க வேண்டாம். இரண்டும் இல்லாவிட்டால் மெட்ரோ வாட்டர் குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து, ஒரு ராத்திரி மூடாமல் வைத்து ஊற்றலாம்.

ஏற்கெனவே உப்பு ஏறிய தொட்டியைக் காப்பாற்றவும் வழி உண்டு. மேலிருக்கும் வெள்ளைப் பொருக்கை அரை அங்குல மண்ணோடு சுரண்டி எடுங்கள். தொட்டி பத்து லிட்டர் பிடிக்கும் என்றால், உப்பில்லாத தண்ணீர் இருபது லிட்டரை ஒரு மணி நேரத்தில் சிறுகச் சிறுக ஊற்றி, அடித்துளை வழியாக வடிய விடுங்கள். வடிந்ததைத் தட்டில் தேங்க விடாதீர்கள், மண் திரும்ப இழுத்துக்கொள்ளும். கருகிய நுனி மறுபடி பச்சை ஆகாது. புதிதாகச் சுருள் விட்டு வரும் இலையைப் பாருங்கள், அது சுத்தமாக விரிந்தால் பிழைத்தது என்று அர்த்தம்.

கோகோபீட்டைக் கழுவாமல் போடுவது

தேங்காய் நார்த்தூளான இதிலும் உப்பு இருக்கும். மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள்.

இலை அடியில் புள்ளியைப் பார்த்து மருந்தடிப்பது

பெரணி பூக்காது, விதை விடாது. இலைக்கு அடியில் வரிசை பிசகாமல் வரும் பழுப்புப் புள்ளிகளில் இருப்பது வித்துத்தூள், அதிலிருந்துதான் அடுத்த தலைமுறை. பேர்ட்ஸ் நெஸ்ட் (பறவைக்கூடு) பெரணியில் அதுவே சாய்ந்த கோடுகளாக இருக்கும். செதில் பூச்சி என்றால் வரிசை இருக்காது, தண்டிலும் ஒட்டியிருக்கும், நகத்தால் கீறினால் பெயர்ந்து வரும், பிசுபிசுப்பைத் தேடி எறும்பும் வரும். சந்தேகம் தீராமல் வேப்பெண்ணெயை எடுக்காதீர்கள். பெரணி இலை அதில் வெந்துபோகும்.

பேர்ட்ஸ் நெஸ்ட்டின் குருத்துக்குள் தண்ணீர் ஊற்றுவது

அழுகும். ஓரமாக மண்ணில் ஊற்றுங்கள்.

பழுத்த இலையைக் கண்டு பயப்படுவது

வருடம் முழுக்கப் பச்சை என்றாலும் ஒவ்வொரு இலைக்கும் வயது உண்டு. அடி இலை பழுத்தால் அடியோடு நறுக்குங்கள்.

மெய்டன்ஹேரை ஜன்னலில் வைப்பது

அந்தக் கருந்தண்டுப் பெரணியின் அழகுக்கு மயங்காதவர் இல்லை. மேல்காற்று ஒரு மத்தியானம் அடித்தால் போதும், அப்பளம் மாதிரி நொறுங்கும். லண்டன் துறைமுகத்தை ஒட்டிக் குடியிருந்த வார்ட் என்ற மருத்துவர் வீட்டிலும் நிலக்கரிப் புகையில் பெரணிகள் பிழைக்கவே இல்லை. 1829ல், கூட்டுப்புழுவுக்காக அவர் மூடி வைத்திருந்த பாட்டிலின் ஈர மண்ணில் பெரணி ஒன்று தானாக முளைத்தது. பிறகு செடிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்த்தார். துறைமுகமும் லாரிப் புகையும் உள்ள நம் பக்கத்துக்கும் அதுவே பொருந்தும். அகலமான பழைய மிட்டாய் ஜாடி, அடியில் கரித்துண்டு, இரண்டு கை மண்ணும் மட்கிய இலையும். என் ஜாடி சமையலறை மேடையில் மூன்றாவது வருடமாக இருக்கிறது.

அக்காவின் தொட்டியை அன்றைக்கே கழுவி வடியவிட்டேன். ஏ.சி. குழாயின் கீழே வாளி வைக்கச் சொல்லி அனுப்பினேன். நேற்று போட்டோ அனுப்பியிருந்தார். நடுவில் இரண்டு சுருள்.