137 வேலைகளும் ஒரு நெடுங்கோடும்

காலையில் வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறினால் புறக்கோட்டை வரும் வரை டுடூயிஸ்ட் என்ற வேலைப் பட்டியல் ஆப்பைத் திறந்து மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருப்பேன். 137 வேலைகள். வற் கணக்குக்குக் கீழே அம்மாவின் பிரஷர் குளிசை, அதற்கும் கீழே குளியலறைக் குழாய்க்கு வாஷர். கந்தோரில் இருந்துகொண்டு குழாயைப் பற்றி யோசித்து என்ன பயன்?

முதலில் எல்லாவற்றுக்கும் சிவப்புக் கொடி குத்தினேன். பட்டியல் சிவந்ததுதான் மிச்சம்.

அப்புறம் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் இடத்தை லேபலாகப் போட்டேன்: @கந்தோர், @வீடு, @புறக்கோட்டை. இன்றைய கந்தோர் வேலைகள் மட்டும் தெரிய ஃபில்டரில் ‘டுடே | @கந்தோர்’ என்று கொடுத்தேன். (என் ஆப் ஆங்கிலத்தில் இருப்பதால் டுடே போன்ற சொற்களை ஆங்கிலத்தில்தான் தட்டினேன்.) குளிசை அசையாமல் அங்கேயே நின்றது! நடுவில் இருக்கும் நெடுங்கோடு (|) என்றால் ‘அல்லது’. இன்றைய வேலை எல்லாம் வரும், கந்தோர் வேலையும் எல்லாம் வரும். இரண்டும் சேர்ந்து பொருந்த & வேண்டும். ‘டுடே’ என்று மட்டும் கொடுத்தால் தவணை தப்பியவை வராது. அதனால் இப்படி மாற்றினேன்:

(டுடே | ஓவர்டியூ) & @கந்தோர்

ஏழு வேலைகள் மிஞ்சின. சரி, இது செய்யக்கூடிய அளவுதான்.

@புறக்கோட்டை வேலைகளுக்குத் திகதியே போடுவதில்லை. சனிக்கிழமை அந்தப் பக்கம் போகும்போது அந்த லேபலை மட்டும் திறப்பேன். வாஷர் போன கிழமை வாங்கியாயிற்று. குழாய் இன்னும் ஒழுகுகிறது. வாஷரைப் பூட்டுவதற்கு @வீடு போட மறந்துவிட்டேன்.