வீட்டருகே உள்ள கிளினிக்கை முறையாகப் பயன்படுத்துவது எப்படி: பினாங்குத் தமிழ்க் குடும்பங்களுக்கு

2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இந்தியர்களிடையே இவ்விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம். நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்தால், இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் ஒருவரின் உயிரைக் காக்கும். ஆனால், டயாலிசிஸ் தேவைப்படுவோர் தொகையைக் குறைக்கும் வேலை, அரசு சுகாதார மையமான கிளினிக் கெசிஹாத்தானில்தான் நடக்கிறது. குடிமக்களுக்கு 1 ரிங்கிட் கட்டணத்தில் கிடைக்கும் அச்சேவையை, காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மட்டும் நாடுவது பெரும் இழப்பு.

முதலில், பட்டர்வொர்த் ஆனாலும் ஜாலான் பேராக் ஆனாலும், எளிதாகச் சென்றுவரக்கூடிய ஒரே கிளினிக்கைத் தேர்ந்தெடுத்து, குடும்பத்தினர் அனைவரும் அங்கேயே பதிந்துகொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் சேரும் குறிப்புகளைக் கொண்டுதான், இரத்த அழுத்தம் மெல்ல ஏறுவதையும் சிறுநீரகம் தளர்வதையும் மருத்துவரால் முன்கூட்டியே கண்டறிய முடியும்.

அடுத்து, பரிசோதனை. அரசு உதவித்தொகை பெறும் பி40 (வருமானத்தில் கீழ்மட்ட 40 விழுக்காட்டு) குடும்பங்களில், 40 வயது நிறைந்த உதவித்தொகை பெறுநருக்கும் அவருடைய துணைவருக்கும், 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. இதற்குத் தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை, அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தகுதியைச் சரிபார்த்துக்கொள்ளலாம். முதல் வருகையில் இரத்தம் எடுப்பார்கள், இரண்டாம் வருகையில் முடிவை விளக்குவார்கள். அந்த இரண்டாம் வருகையை ஒருபோதும் தவறவிடாதீர்கள். எண்களின் பொருளை அறிந்துகொள்ளாத பரிசோதனையால் பயனில்லை. கோயில் மருத்துவ முகாமில் சர்க்கரை அளவு கூடுதலாக இருந்தால், அந்தச் சீட்டையும் கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள். ஒரு நாள் விரல்நுனிச் சோதனை எச்சரிக்கையே தவிர, முடிவான கண்டறிதல் அன்று.

நீரிழிவு உறுதியானால், கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, கண்ணின் விழித்திரைப் படம், கால் பரிசோதனை, சிறுநீரில் புரதம் ஆகிய நான்கையும் பற்றி நீங்களே வாய்திறந்து கேளுங்கள். கூட்டம் மிகுந்த நாளில் இவற்றில் ஒன்று விடுபடலாம். உட்கொள்ளும் நாட்டு மருந்து, தனியார் கிளினிக்கில் வாங்கிய மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம். மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்ற கூச்சத்தால் சிறுநீரகத்தைப் பணயம் வைப்பது எனக்கு மிகுந்த வேதனையளிக்கிறது. மலாய் மொழியில் தயங்கும் பெற்றோருடன் பிள்ளைகளில் ஒருவர் உடன் செல்வது நல்லது; அந்தப் பிள்ளையும் அன்றே தன் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பெண்கள், கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டறியும் எச்பிவி பரிசோதனையையும் கேட்டுப் பெறலாம்.

வேலைக்காகவோ திருமணத்துக்காகவோ கோலாலம்பூருக்குக் குடிபெயர்பவர்கள், புறப்படுவதற்கு முன் பழைய கிளினிக்கில் பரிந்துரைக் கடிதமும் அண்மைய பரிசோதனை முடிவுகளின் நகலும் கேட்டு வாங்கிக்கொண்டு, மருந்து தீரும் நாளுக்கு முன்பே புதிய கிளினிக்கில் பதிந்துகொள்ள வேண்டும்.