காடைக் குஞ்சு பொரிப்பு குறைகிறதா? முதலில் ஆண் காடையைப் பிடித்துப் பாருங்கள்

பொரிப்பு விழுந்தால் பழி பெரும்பாலும் இன்குபேட்டர் மேல்தான் போகிறது. அதன் திருகைத் தொடும் முன், அன்று இட்ட முட்டைகளில் இருபதைத் தட்டில் உடைத்து ஊற்றுங்கள். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அது வட்டமாக, நடுவில் தெளிந்து வளையம் போலிருந்தால் கரு கூடிய முட்டை. ஓரம் ஒழுங்கில்லாமல் சின்னதாக, அடர் வெள்ளையாக இருந்தால் கரு கூடாத கூமுட்டை. (உடைத்தது வீணில்லை, ஆம்லெட்டுக்கு ஆகும்.) இருபதில் ஐந்தாறு கூமுட்டை என்றால் கோளாறு கூண்டில் இருக்கிறது, இன்குபேட்டரில் இல்லை.

அடுத்து ஆண் காடைகள். ஏழு, எட்டு வார ஆணின் எச்சத்துவாரத்துக்கு மேலே மொச்சைக்கொட்டை போலச் சிவந்த புடைப்பு இருக்க வேண்டும். மெல்ல அழுத்தினால் ஷேவிங் சோப்பு போல வெள்ளை நுரை வரும். நுரை வராத ஆண் இனவிருத்திக்கு இப்போது உதவாது. கறிக்கு வளர்த்த கூட்டத்திலிருந்து ஆண்களைப் பொறுக்குகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும்: குறைந்த வெளிச்சத்தில் வளர்ந்த ஆணுக்கு விரை சிறுத்தே கிடக்கும். பகல் வெளிச்சத்தோடு விளக்கையும் சேர்த்து நாளுக்கு 16 மணி நேரம் கொடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் தேறும். விளக்கை டைமரில் போடுங்கள். இன்று 16, நாளை 12 என்றால் நுரை வற்றும், முட்டையும் நிற்கும்.

எடையை மட்டும் பார்த்து ஆணைத் தேர்வதும் தவறு. மிகக் கனத்த ஆண் ஏறி அணைவதில் பின்தங்கும். ஐந்தாவது வாரத்தில் கூட்டத்துச் சராசரியைவிடக் கொஞ்சம் மேலே, கால் நேராக, துடிப்பாக உள்ளதை எடுங்கள். குஞ்சுத் தீவனத்தையே தொடர்ந்து கொட்டினால் கொழுப்பு கட்டும். தாய்க்காடைத் தீவனத்தில் புரதம் 20 சதவீதம், கால்சியம் 2.5 முதல் 3 சதவீதம் போதும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் கருவையும் பொரிப்பையும் சேர்த்தே கெடுக்கும்.

ஒரு ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண். ஆணைக் கூட்டினால் கரு கூடும் என்று நினைக்க வேண்டாம். ஒன்றையொன்று விரட்டுவதிலேயே பொழுது போகும், பெண்ணின் தலைத்தோலும் உரியும். ஆறாவது வாரத்திலேயே சேர்த்துவிட்டால் சண்டை குறைவு. சேர்த்த ஐந்தாம் நாளிலிருந்து முட்டை எடுக்கலாம். ஆணை எடுத்துவிட்டால் கோழியைப் போல இரண்டு வாரம் தாங்காது, சில நாட்களிலேயே கரு கூடுவது சரியும். எனவே செத்த ஆணுக்கு உடனே மாற்று வேண்டும். அடை வைக்கும் முட்டைக்கு நல்ல காலம் காடையின் 10 முதல் 24 வார வயது. அதற்குப் பின் அந்தக் கூட்டத்து முட்டை சமையலுக்கு.

காடையில் இரத்த உறவு பொறுக்காது. கூடப்பிறந்தவற்றையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் மூன்று தலைமுறையில் பொரிப்பு பாழாகும். கூட்டத்தை நான்காகப் பிரித்துக் கால் வளையத்தில் நிறம் கொடுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் சிவப்பின் ஆண் பச்சைக்கு, பச்சையின் ஆண் நீலத்துக்கு, நீலத்தின் ஆண் மஞ்சளுக்கு, மஞ்சளின் ஆண் சிவப்புக்கு. பெண் இடம் மாறாது. வெளியிலிருந்து ஆண் வாங்கினால் நீங்கள் முதலில் குஞ்சு வாங்கிய அதே பண்ணையில் வாங்காதீர்கள்.

காடை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் இடும். இரவு ஒரு முறை, விடிகாலை ஒரு முறை பொறுக்குங்கள். சித்திரை வெயிலில் கொட்டகையிலேயே கிடந்த முட்டையில் கரு அரைகுறையாக வளர்ந்து சாகும். 15 முதல் 18 டிகிரியில், கூர்முனை கீழே இருக்க, ஏழு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். கழுவவும் வேண்டாம், அழுக்கானதை ஒதுக்குங்கள்.

இன்குபேட்டரில் 37.5 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம், இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒருமுறை திருப்பல். 15ஆம் நாள் பொரிப்புத் தட்டுக்கு மாற்றித் திருப்புவதை நிறுத்துங்கள். ஈரப்பதம் 70க்கு ஏறட்டும். 17, 18ஆம் நாளில் குஞ்சு வரும்.