ஸ்மார்ட் ஸ்பீக்கர் தப்பான வைஃபையில் போய் ஒட்டிக்கொண்டால்

கேள்வி கேட்டால் ஸ்பீக்கர் ஒழுங்காகப் பதில் சொல்கிறது. ஆனால் போனிலிருந்து பாட்டை அனுப்பப் போனால் பட்டியலில் அதன் பெயரே இல்லை. இப்படி இருந்தால் ஸ்பீக்கர் கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். அதற்கு இன்டர்நெட் கிடைக்கிறது. போன் இருக்கும் நெட்வொர்க்கில்தான் அது இல்லை. பலரும் இந்தக் கட்டத்தில் நேராக ஃபேக்டரி ரீசெட்டுக்கு, அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிது போல ஆக்குவதற்குப் போய்விடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் ரீசெட் செய்தால் அரைமணி நேரம் வீணாகி, ஸ்பீக்கர் திரும்பவும் பழைய இடத்துக்கே போய்ச் சேரும்.

முதலில் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் கிடைக்கும் எண்ணைப் பாருங்கள். போனில் வைஃபை பெயரைத் தொட்டால் போனின் முகவரி தெரியும். ஸ்பீக்கரின் முகவரி அதன் ஆப்பில் இருக்கும். இல்லையென்றால் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் கிடைக்கும். போன் 192.168.1.34 என்றும் ஸ்பீக்கர் 192.168.0.12 என்றும் காட்டினால் இரண்டும் வேறு வேறு நெட்வொர்க். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். அவை ஒன்றாக இருந்தும் ஸ்பீக்கர் தெரியவில்லையா? போனில் விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் ஆப்) ஓடுகிறதா, இரண்டில் ஒன்று விருந்தாளிகளுக்கான தனி வைஃபையான கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். கெஸ்ட் நெட்வொர்க்கில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பொதுவாகத் தடுத்து வைத்திருப்பார்கள்.

பாஸ்வேர்டு கொடுக்காத நெட்வொர்க்கில் ஸ்பீக்கர் தானாகப் போய்ச் சேராது. எப்போதோ ஒரு முறை அந்தப் பாஸ்வேர்டு அதன் கைக்குப் போயிருக்கிறது. பெரும்பாலும் முதல் செட்டப்பின்போது போன் எந்த வைஃபையில் இருந்ததோ, அதையே ஸ்பீக்கருக்கும் கொடுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் போன் எக்ஸ்டெண்டரின் (வைஃபை எட்டும் தூரத்தைக் கூட்டும் பெட்டி) வைஃபையிலோ கெஸ்ட்டிலோ இருந்திருந்தால் ஸ்பீக்கரும் அங்கேதான் இருக்கும்.

அதிகம் படுத்துவது இரண்டு பெட்டி இருக்கும் வீடுகள்தான். இன்டர்நெட் நிறுவனம் கொடுத்த பெட்டியும் வைஃபை விடும். அதன் பின்னால் நீங்கள் மாட்டிய ரவுட்டரும் விடும். இரண்டும் தனித்தனியாக முகவரி கொடுப்பதால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் உண்டாகிவிடுகிறது. ஸ்பீக்கரைத் தேடி போன் விடும் அழைப்பு 224.0.0.251 என்ற முகவரிக்குப் போகும். ரவுட்டர் அதை அடுத்த பக்கத்துக்கு விடாது. இரண்டு பாஸ்வேர்டையும் ஸ்பீக்கர் நினைவில் வைத்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் எந்தப் பெட்டி முதலில் எழுந்திருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். நேற்று வரை வேலை செய்தது இன்று செய்யாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு முழுத் தீர்வு இரண்டு. நிறுவனம் கொடுத்த பெட்டியின் செட்டிங்ஸில் வைஃபையை மட்டும் அணைக்கலாம். பெட்டியை அணைத்தால் இன்டர்நெட்டே போய்விடும், கவனம். அல்லது உங்கள் ரவுட்டரை, வைஃபை மட்டும் விடும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றலாம். அப்போது முகவரி கொடுக்கும் வேலையை ஒரே பெட்டி பார்க்கும், எந்த வைஃபையில் சேர்ந்தாலும் ஒரே நெட்வொர்க்தான். செட்டிங்ஸுக்குள் போக முடிகிற எல்லாருக்கும் நாங்கள் இரண்டாவதையே சொல்வோம்.

இந்த வேலை முடிந்த பிறகு ஸ்பீக்கரைச் சரியான வைஃபைக்கு மாற்றுங்கள். முறை பிராண்டுக்குப் பிராண்டு மாறும்.

கூகுள் ஸ்பீக்கர் என்றால் போனை முதலில் ஸ்பீக்கர் இருக்கும் அதே தப்பான வைஃபையில் இணைக்க வேண்டும். பலரும் தடுமாறும் இடம் இதுதான். அந்த வைஃபையை ஏற்கெனவே அணைத்துவிட்டீர்கள் என்றால் இந்த வேலைக்காகக் கொஞ்ச நேரம் திரும்ப இயக்குங்கள். கூகுள் ஹோம் ஆப்பில் ஸ்பீக்கரைத் திறந்து, செட்டிங்ஸ், டிவைஸ் இன்ஃபர்மேஷன், வைஃபை என்று போய் ‘ஃபர்கெட்’ கொடுங்கள். பிறகு போனைச் சரியான வைஃபைக்கு மாற்றி, புளூடூத்தையும் லொகேஷனையும் இயக்கி, புதிதாகச் சேர்ப்பதுபோல் செட்டப் செய்யுங்கள்.

அமேசானின் எக்கோ என்றால் அலெக்சா ஆப்பில் அந்தக் கருவியின் செட்டிங்ஸுக்குப் போய் வைஃபை நெட்வொர்க் பக்கத்தில் ‘சேஞ்ச்’ கொடுங்கள். ஆரஞ்சு விளக்கு சுற்றும் வரை ஸ்பீக்கரின் ஆக்‌ஷன் பட்டனை அழுத்திப் பிடித்தால் செட்டப் மோடுக்கு வரும். எக்கோ பல நெட்வொர்க்குகளை நினைவில் வைத்திருக்கும். அதுபோக, அமேசான் கணக்கிலேயே வைஃபை பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் வசதியும் உண்டு. வேண்டாத நெட்வொர்க்கின் பாஸ்வேர்டைக் கணக்கிலிருந்தும் நீக்குங்கள். ஸ்பீக்கரில் மட்டும் மாற்றுவது போதாது.

ஆப்பிளின் ஹோம்பாட் ஐபோன் போகிற வழியில் போகும். ஐபோனைச் சரியான வைஃபையில் வைத்துவிட்டு, ஹோம் ஆப்பில் ஹோம்பாடின் செட்டிங்ஸைத் திறந்தால் ஐபோனின் நெட்வொர்க்குக்கு மாற்றும் வசதி அங்கேயே தெரியும். மாற்றிய பிறகு வேண்டாத நெட்வொர்க்கை ஐபோனிலும் மறக்கச் செய்யுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அடம்பிடிக்கும் ஸ்பீக்கரை, வேண்டாத ரவுட்டரில் அதன் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) போட்டுத் தடுத்துவிடலாம். அந்த முகவரி பெரும்பாலும் ஸ்பீக்கரின் ஆப்பிலேயே இருக்கும்.

ஒரே ரவுட்டர் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பெயரில் வைஃபை விட்டால் கவலை வேண்டாம். பெரும்பாலான ரவுட்டர்களில் இரண்டும் ஒரே நெட்வொர்க்தான். சுவர்கள் குறுக்கே இருந்தால் ஸ்பீக்கரை 2.4-இல் வையுங்கள், எட்டும் தூரம் அதிகம்.

புது ரவுட்டர் வாங்கும்போது பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே கொடுத்தால் ஸ்பீக்கரைத் தொடவே வேண்டியதில்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, நடுவில் உள்ள இடைவெளி எல்லாமே கணக்கு. ஆனால் பழைய ரவுட்டரைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு ரவுட்டர் தனித்தனியாக ஓடினால் ஸ்பீக்கர் எதில் இருக்கிறது என்று பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

வேறு எதுவும் பலிக்காவிட்டால்தான் ரீசெட். கூகுளின் நெஸ்ட் மினியில் பக்கவாட்டு மைக் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மேலே நடுவில் அழுத்திப் பிடியுங்கள். 5 நொடியில் ரீசெட் தொடங்கும். இன்னும் 10 நொடி போல, ஒலி கேட்கும் வரை விரலை எடுக்காதீர்கள்.

எந்த வழியில் சரிசெய்திருந்தாலும் ரவுட்டர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அணைத்து இயக்கி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஐபி முகவரியை மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள்.