மெயினை நிப்பாட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

கட்டாரில் ஏழு வருடம் டேட்டா சென்டர்களில் டெஸ்டிங் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவன் நான். கல்லடியில் இருக்கிறேன். போன வருடம் மட்டக்களப்பு டவுனில் ஒரு நிறுவனம் தன் சேர்வர் அறையை டெஸ்ட் பண்ணித் தரச் சொல்லிக் கூப்பிட்டது. 20 கிலோவாட் லோட், யூபிஎஸ் (கரண்ட் போனதும் பற்றரியிலிருந்து கொடுப்பது) ஒன்று, ஜெனரேட்டர் ஒன்று, ஏசி இரண்டு. அறை சின்னதென்றாலும் வேலையின் ஒழுங்கு அதேதான். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக எழுதுகிறேன்.

பெரிய சைட்டுகளில் ஐந்து கட்டம். சாமான் தொழிற்சாலையை விட்டு வெளிக்கிட முன்னம் அங்கேயே பார்ப்பது, சைட்டில் இறக்கிப் பூட்டியதைப் பார்ப்பது, முதன்முதல் கரண்ட் கொடுத்து ஓட விடுவது, ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழு லோடில் சோதிப்பது, கடைசியாக எல்லாவற்றையும் சேர்த்து ஓட விட்டு மெயினை, அதாவது வெளியிலிருந்து வரும் கரண்டை, அறுப்பது. நான் நின்ற இடங்களில் கட்டத்துக்கொரு நிற ஸ்டிக்கர்: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை. மஞ்சள் ஒட்டாத போர்டில் பச்சை ஒட்டப் போனால் நல்ல ஏச்சு விழும்.

சின்ன அறைக்காகத் தொழிற்சாலை வரை போக யாரும் காசு தரமாட்டார்கள். டெஸ்ட் ரிப்போர்ட்டிலுள்ள சீரியல் நம்பரும் வந்திறங்கிய பெட்டியிலுள்ள நம்பரும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாம் கட்டத்தில் அவசரம் கூடாது. நமக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். பெட்டி ஒரு மாதம் திறந்த கொட்டிலில் கிடந்தாலே செம்பு முனைகளில் பச்சை பூத்துவிடும். ஒவ்வொரு நட்டையும் டோர்க் ஸ்பானரால் குறித்த அளவுக்கு இறுக்கி, மேலே ஒரு பெயின்ட் கோடு இழுத்து விடுங்கள். பிறகு கோடு விலகியிருந்தால் நட்டு அசைந்திருக்கிறது. கேபிளை 500 வோல்ட்டில் மெகர் பண்ணும்போது (கரண்ட் வெளியே கசிகிறதா என்று பார்க்கும் சோதனை) ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்த லைனுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். யூபிஎஸ்ஸையும் மற்ற எலக்ட்ரோனிக் சாமான்களையும் கழற்றிவிட்டுத்தான் மெகர். மறந்தால் கார்டு எரியும்.

நான்காம் கட்டத்துக்கு லோட் வேண்டும். சேர்வர்களை வைத்து டெஸ்ட் பண்ணக் கூடாது; அவற்றைக் காப்பாற்றத்தானே இவ்வளவும். பெரிய சைட்டென்றால் லோட் பாங்க் (சேர்வருக்குப் பதிலாகக் கரண்டை இழுத்துச் சூடாக்கும் பெட்டி) வாடகைக்கு வரும். நான் 2 கிலோவாட் ஃபேன் ஹீற்றர் பத்துத் தேடினேன். டவுனில் ஒரு கடைக்கார ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஹீற்றரா? இந்த வெயிலுக்கா? என்ன மகன், காய்ச்சலா?” கடைசியில் நுவரெலியாவிலிருந்து ஒரு கூட்டாளி பஸ்ஸில் போட்டுவிட்டான். ஒன்று 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். மூன்று ஃபேஸுக்கும் இயன்றளவு சமமாகப் பிரித்து மாட்டினேன். ஒரு மணித்தியாலம் ஓடியபின் சூட்டைக் காட்டும் தெர்மல் கமெராவைப் பிடித்தால், ஒரு பிரேக்கரின் நடு முனை மட்டும் வெள்ளையாக எரிந்து தெரிந்தது. என் பெயின்ட் கோடு அதிலே இருக்கவில்லை. நானே விட்ட பிழை.

ஜெனரேட்டர் தனியாக முழு லோடில் பாஸ். யூபிஎஸ் பற்றரியில் பேசியபடி 15 நிமிடம் நின்றது, அதுவும் பாஸ். “இனி என்ன, கையெழுத்துப் போடுவோம்” என்றார்கள். நான் மாட்டேன் என்றேன்.

ஐந்தாம் கட்டத்தில் பலர் சேஞ்ச்ஓவர் போர்டிலுள்ள (மெயினிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் போர்டு) ‘டெஸ்ட்’ பட்டனை அமுக்கிவிட்டு முடிந்தது என்பார்கள். பட்டனை அமுக்கும்போது மெயின் பின்னால் உயிரோடுதான் இருக்கிறது. மெயின் வந்து சேரும் பிரேக்கரையே இறக்குங்கள். இறக்கினேன். 11 செக்கனில் ஜெனரேட்டர் வந்தது, யூபிஎஸ் அதை ஏற்றுக்கொண்டது. எல்லார் முகத்திலும் சிரிப்பு. மூன்று நிமிடம் கழித்து, கம்ப்ரஸர் டிலே (கரண்ட் வந்தபின் ஏசி கிளம்பாமல் காத்திருக்கும் நேரம்) முடிந்து இரண்டு ஏசியும் ஒரே நொடியில் கிளம்பின. ஜெனரேட்டர் முனகியது, 50 ஹேர்ட்ஸ் 47க்கு விழுந்தது. 48க்குக் கீழே வேண்டாமென்று யூபிஎஸ் பற்றரிக்கு ஓடியது. அதன் லோட் விலகியதும் ஜெனரேட்டர் எழும்பியது. யூபிஎஸ் திரும்பி வந்து முழு லோடையும் ஒரேயடியாகப் போட, மறுபடி விழுந்தது. நான்கு தரம் இந்தக் கூத்து. தனித்தனியாகப் பாஸானவை சேர்ந்து நிற்கத் தெரியாமல் நின்றன.

ஒரு ஏசியின் டிலேயைக் கூட்டினோம். யூபிஎஸ் 20 செக்கனில் மெதுவாக லோட் ஏற்றும்படி மாற்றி, ஏற்றுக்கொள்ளும் எல்லையை 45இலிருந்து 55 ஹேர்ட்ஸ் வரை அகட்டினோம். செட்டிங் ஒன்றை மாற்றினால் அந்தச் சோதனை முதலிலிருந்து. பாதியில் தொடரக் கூடாது.

நம்ம பக்கத்துக்கு இன்னொன்று சேருங்கள். மாரியில் தென்னோலை விழுந்து ஒரு ஃபேஸ் மட்டும் போவது முழுக் கரண்டும் போவதைவிட எனக்குப் பழக்கமான தொல்லை. சேஞ்ச்ஓவரின் சென்சிங் ஃபியூஸில் (ஃபேஸ் இருக்கிறதா என்று அது பார்க்கும் வழி) ஒன்றைக் கழற்றி, அது ஜெனரேட்டரைக் கூப்பிடுகிறதா என்று பாருங்கள். மெயின் திரும்பி வருவதையும் டெஸ்ட் பண்ணுங்கள். அதைத்தான் எல்லாரும் மறந்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

சேர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 பாகைக்குள் இருப்பது நல்லது. எங்கள் கடைசி ஓட்டத்தில் ஏசி வருமுன் அதையும் தாண்டித்தான் ஏறியது. அந்த எண்ணை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்தேன். ஏசி கன்ட்ரோலரை யூபிஎஸ்ஸில் மாட்டி, டிலேயைக் குறைக்கலாமா என்று இப்போது பார்க்கிறார்கள்.

ஹீற்றர் பத்தும் என் வீட்டு ஸ்டோர் அறையில் கிடக்கின்றன. யாருக்காவது தேவையென்றால் இரவல் தரலாம்.