கண்ணாடிக் குவளையில் டீகால் படம் பதிக்கும் முறை

கண்ணாடி, மெருகிட்ட பீங்கான், உலோகம் போன்ற வழவழப்பான பரப்புகளில் படம் பதிக்க, புதியவர்களுக்கு எளியது வாட்டர்ஸ்லைடு டீகால் தாள். இதில் நீரில் கரையும் பசையும், அதன்மேல் மெல்லிய படலமும் இருக்கும். படம் அந்தப் படலத்தில்தான் அச்சாகிறது. நீரில் நனைத்ததும் பசை கரைந்து, படலம் படத்தோடு நழுவி வருகிறது.

இங்க்ஜெட் அச்சுக்கும் லேசர் அச்சுக்கும் தனித்தனித் தாள்கள் உண்டு என்பதால், உங்கள் பிரிண்டருக்கு உரியதையே வாங்குங்கள். வீட்டுப் பிரிண்டர்கள் வெள்ளை நிறத்தை அச்சிடுவதில்லை. ஆகவே தெளிந்த தாளில் படத்தின் வெள்ளைப் பகுதிகள் கண்ணாடியாகவே தெரியும். அடர்நிறக் குவளைக்கு வெள்ளைப் பின்னணித் தாளே பொருந்தும். இங்க்ஜெட்டில் அச்சிட்டால் மை நன்றாக உலர்ந்தபின், நிறமற்ற அக்ரிலிக் ஸ்பிரேயை இரண்டு மூன்று முறை மெல்லியதாக அடித்து, ஒவ்வொரு பூச்சையும் உலரவிடுங்கள். இதைத் தவிர்த்தால் நீரில் இட்டவுடனே நிறம் கரைந்து ஓடிவிடும். ஸ்பிரேயைக் காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்துங்கள்.

அடுத்தது பரப்பைச் சுத்தம் செய்வது. என் கருத்தில் மொத்த வேலையிலும் இதுவே முக்கியமானது. சோப்பு நீரில் கழுவித் துடைத்த குவளை கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தாலும், விரல் பட்ட இடத்தில் எண்ணெய்ப் பசை தங்கிவிடுகிறது. பிறகு படம் உரிந்து எழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். எனவே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் நனைத்துத் துடைத்துவிட்டு, அதன்பின் குவளையின் உட்புறத்தையோ அடியையோ மட்டும் பிடியுங்கள்.

படத்தை ஓரங்களை ஒட்டி வெட்டி, கூர்முனைகளை வளைவாக்குங்கள், ஏனெனில் கூர்முனைகள்தாம் முதலில் எழும்பும். வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஊறவிடுங்கள். தாள் முதலில் சுருளும், பிறகு விரியும். அதை வலுவில் நிமிர்த்த வேண்டாம். விரலால் லேசாகத் தள்ளும்போது படம் அசைந்தால் வெளியே எடுக்கலாம். அசையாவிட்டால் இன்னும் சில நொடிகள் பொறுங்கள், இழுத்தால் கிழிந்துவிடும்.

குவளையின் மீது சில துளி நீர் தடவி, தாளோடு படத்தை அங்கே வைத்து, படத்தை ஒரு விரலால் பிடித்தபடி அடித்தாளை மட்டும் உருவுங்கள். நீர் இருக்கும்வரை படத்தை நகர்த்தி நேராக்க முடியும். இடம் சரியானதும், ஈரமான மென்துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீரையும் காற்றையும் மெதுவாக ஒற்றி வெளியேற்றுங்கள். அவசரப்படாதீர்கள்: உள்ளே சிக்கும் ஒவ்வொரு குமிழியும் உலர்ந்தபின் வெளிறிய புள்ளியாகத் தெரியும். விடாப்பிடியான குமிழியை மெல்லிய ஊசியால் குத்தி, ஒரு துளி நீர் விட்டு அழுத்தலாம். உருளை வடிவக் குவளையில் படம் எளிதாகப் படியும். ஆனால் பந்துபோல் எல்லாப் பக்கமும் வளைந்த பரப்பில் பெரிய படம் சுருக்கம் விழும் என்பதால், அதற்குச் சிறிய படங்களையே தேர்ந்தெடுங்கள்.

படத்தைச் சுற்றிக் கசிந்த பசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு முழு நாள் உலரவிடுங்கள். அதன்பின் படத்தின் விளிம்புகளும் மூடும்படி நிறமற்ற வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள்.

இப்படிப் பதித்த படம் உணவோ உதடோ படும் இடத்துக்கு உரியதல்ல; குவளையின் விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் விட்டே ஒட்டுங்கள், உட்புறத்தில் ஒட்டவே வேண்டாம். ஆலையில் செய்த பீங்கான் கோப்பைகளின் படம் நெடுநாள் நிலைப்பதற்குக் காரணம், அவை சுடுவதற்கென்று செய்த நிறமிகளால் அச்சிடப்பட்டு, சூளையில் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் மெருகோடு இணைக்கப்படுவதே. நம் படம் பரப்பின் மேலேயே நிற்பதால், குவளையை ஊறவைக்காமல், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் இடாமல், மென்பஞ்சால் கையால் கழுவுங்கள்.