வீராவுக்கு டர்போ: கம்ப்ரஷனைக் குறைப்பதும் கேம் டைமிங்கைத் திருத்துவதும்

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்பட்டணத்தில் பழைய புரோட்டோன் வீரா 1.5-க்கு டர்போ வைக்க நினைப்பவர், ஸ்பேர்பார்ட் கடையில் முதலில் கேட்பது "தடிமன் கேஸ்கெட் இருக்கா?" என்றுதான். டர்போ காற்றை அழுத்தி ஏற்றுவதால் எஞ்சினின் கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டும்; ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கேஸ்கெட் தடித்தால் அது குறையும். எவ்வளவு தடிமன் வேண்டும் என்பது அளந்த பிறகுதான் தெரியும். ஹெட் சேம்பரின் (ஹெட்டில் கலவை எரியும் குழி) கொள்ளளவு, பிஸ்டன் உச்சத்தில் நிற்கும்போது பிளாக் மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது, பழைய கேஸ்கெட் அழுந்திய பின் எவ்வளவு தடிமன் என்ற மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

கேஸ்கெட் கணக்குகளில் சில, பனிமலையில் ஓடும் ஸ்னோமொபைல்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே எடுக்காதீர்கள். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 விழுக்காடுதான். அங்கே 0.4 பார் பூஸ்ட் (டர்போ கூட்டித் தரும் அழுத்தம்) என்றால் எஞ்சினுக்குள் போவது மொத்தம் 1.1 பார், அதுவும் குளிர்ந்த காற்று. நம் ஊரில் அதே 0.4 பார் என்றால் மொத்தம் 1.4 பார். மதியம் 33 டிகிரி வெயிலில் அது இன்னும் சூடேறி உள்ளே போகும். அங்கே தாங்கிய எஞ்சின் இங்கே தட்டும், அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவை சீராக எரியாமல் தானாக வெடித்துப் பிஸ்டனை அடிக்கும்.

சேம்பரை அளக்க மருந்துக்கடை ஊசிக்குழாயே போதும். ஹெட்டைக் கவிழ்த்து மட்டமாக வையுங்கள். வால்வுகள் மூடியிருக்கட்டும், ஸ்பார்க் பிளக்கும் மாட்டியிருக்கட்டும். சேம்பர் விளிம்பில் மெல்லிய கிரீஸ் தடவி, இரண்டு ஓட்டை போட்ட கண்ணாடிப் பிளாஸ்டிக் தட்டை அழுத்தி வைத்து, ஒரு ஓட்டை வழியே மண்ணெண்ணெயை ஏற்றுங்கள். தட்டுக்கு அடியில் கடைசிக் குமிழ் இன்னொரு ஓட்டை வழியாக வெளியேறும் நொடியில் நிறுத்தி அளவைக் குறியுங்கள். நான்கு சேம்பரையும் அளக்க வேண்டும். ஒன்றுக்கொன்று அரை சிசிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், சிறியவற்றை அரைத்துப் பெரியதோடு சமப்படுத்துங்கள். இல்லாவிட்டால் சிறிய சேம்பர்தான் முதலில் தட்டும்.

இனி கணக்கு. வீரா 1.5-இன் 4ஜி15 எஞ்சினின் போர் (சிலிண்டர் விட்டம்) 75.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 82 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு 367 சிசி. கம்ப்ரஷன் 9.2 என்றால், அதாவது மொத்த இடம் பிஸ்டன் உச்சத்தில் மிஞ்சும் இடத்தைப்போல் 9.2 மடங்கு என்றால், அந்த மிஞ்சும் இடம் 44.8 சிசி. அதை 8.5 ஆக்க 49 சிசி வேண்டும்; அதாவது 4.2 சிசி கூடுதல். கேஸ்கெட் ஓட்டை 76.5 மி.மீ. என்றால் ஒரு மி.மீ. தடிமன் 4.6 சிசி தரும். ஆக, கூடுதலாக 0.9 மி.மீ. தேவை. இதற்கு முன் யாராவது ஹெட்டைச் சீவியிருந்தால் 9.2 என்பதே பொய்யாகிவிடும். அதனால்தான் அளக்கச் சொல்வது.

ஆனால் அந்த 0.9 மி.மீ. முழுவதையும் கேஸ்கெட்டிலேயே எடுப்பதை நாங்கள் ஏற்பதில்லை. சேம்பர் ஓரத்துத் தட்டைப் பகுதிக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளி 1 மி.மீ. அளவில் இருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது கலவையைப் பிதுக்கி நடுவே தள்ளும். எரிவது வேகமாகவும் சீராகவும் முடியும். அந்த இடைவெளி 2 மி.மீ.க்குப் போனால் ஓரத்தில் எரியாத கலவை தேங்கி நிற்கும், அதுதான் தட்டலுக்கு ஆரம்பம். கம்ப்ரஷன் குறைந்தும் எஞ்சின் தட்டுகிறதே என்று தலையைச் சொறிய வைப்பது பெரும்பாலும் இதுதான். ஆகவே 0.5 மி.மீ. கூடுதலோடு நிறுத்துங்கள், கம்ப்ரஷன் 8.8-க்கு வரும். அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் குழி உள்ள பிஸ்டன்தான் வழி. பழைய பிஸ்டனைக் கடைசலில் குடைய நினைத்தால் முதலில் மேல்தட்டின் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். மெலிந்த தட்டில் டர்போ சூட்டில் ஓட்டை விழும். இரண்டு கேஸ்கெட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். நடுவில் கசிந்து ரேடியேட்டரில் குமிழ் வரும்.

கேம் டைமிங்கில்தான் (கேம் தண்டு வால்வுகளைத் திறந்து மூடும் நேரம்) பலர் சறுக்குகிறார்கள். ஹெட் உயர்ந்தால் கேம் பின்தங்கும் என்று நினைப்பார்கள், நடப்பது நேர்மாறு. கிராங்க் இழுக்கும் பக்கத்து பெல்ட் நீளாது. ஹெட் மேலே போகும்போது பெல்ட் அங்கேயே நிற்க, கேம் புல்லி சுழலும் திசையில் கொஞ்சம் திரும்பிவிடும். புல்லியின் விட்டம் 120 மி.மீ. என்றால், 1 மி.மீ. தடிமனுக்குக் கேமில் ஏறக்குறைய 1 டிகிரி, கிராங்கில் 2 டிகிரி முந்தும். 0.5 மி.மீ.க்கு கிராங்கில் 1 டிகிரி. கேம் முந்தினால் இன்டேக் வால்வும் முன்னதாக மூடும். குறைந்த ஆர்பிஎம்மில் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். கேஸ்கெட்டில் குறைத்ததில் ஒரு பங்கு இப்படித் திரும்பி வந்துவிடும்.

இதைத் திருத்த அட்ஜஸ்டபிள் கேம் புல்லி வேண்டும். வாங்கும்போது அதன் கோடுகள் கேம் டிகிரியா, கிராங்க் டிகிரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழப்பினால் இரண்டு மடங்கு தவறும். பெல்ட்டில் ஒரு பல் தள்ளிப் போடுவது திருத்தமே ஆகாது. 48 பல் புல்லியில் ஒரு பல் என்பது கிராங்கில் 15 டிகிரி.

சரிபார்க்க, கிராங்கில் டிகிரி தட்டைக் கட்டி, பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப்பர் போட்டு, இரு பக்கமும் மெதுவாகச் சுற்றி முட்டும் இடங்களின் நடுவை டிடிசியாக (பிஸ்டன் உச்சத்தில் நிற்கும் புள்ளி) வையுங்கள். பிறகு ஸ்டாப்பரைக் கழற்றிவிட்டு, டயல் கேஜை இன்டேக் கேம் லோபின் (வால்வைத் தள்ளும் மேடு) மேலேயே வையுங்கள். ஹைட்ராலிக் டாப்பெட் அமுங்கும், வால்வில் வைத்தால் அளவு பொய்யாகும். முழுத் தூக்கலுக்கு முன்னும் பின்னும், தூக்கல் அதைவிட 1.27 மி.மீ. குறைவாக இருக்கும் இரு இடங்களில் தட்டில் வரும் எண்களைக் கூட்டிப் பாதியாக்குங்கள். டிடிசி தாண்டி 70, 150 என்று வந்தால் மையம் 110. ஹெட்டைக் கழற்றும் முன்பே பழைய மையத்தைக் குறித்து வைத்து, புதிய கேஸ்கெட்டோடு அதே எண்ணுக்குக் கொண்டு வாருங்கள். அதற்குப் பிறகு வேண்டுமானால் கிராங்கில் 2 டிகிரி பின்னுக்குத் தள்ளலாம். மேல் ஆர்பிஎம்மில் இழுப்பு கூடும், சிக்னலில் கிளம்பும்போது சோம்பும். ஒற்றைக் கேம் எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் சேர்ந்தேதான் நகரும், ஓவர்லேப் (இரு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம்) மாறாது. சத்ரியா ஜிடிஐ-யின் 4ஜி93 மாதிரி இரட்டைக் கேமில் இன்டேக்கைப் பின்னுக்கும் எக்ஸாஸ்ட்டை முன்னுக்கும் தள்ளி ஓவர்லேப்பைக் குறைக்கலாம். எக்ஸாஸ்ட் அழுத்தம் அதிகமான சின்ன டர்போவுக்கு அது நல்லது.

இன்னொன்று: டிஸ்ட்ரிபியூட்டர் கேமின் நுனியில்தான் மாட்டியிருக்கிறது. புல்லியைத் திருப்பினால் இக்னிஷனும் கூடவே திரும்பும். ஒவ்வொரு முறையும் டைமிங் லைட்டை அடித்துத் திரும்ப வையுங்கள்.

மாட்டும்போது ஹெட்டும் பிளாக்கும் 0.05 மி.மீ.க்குள் மட்டமாக இருக்க வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே மூன்று கட்டமாக இறுக்குங்கள். பெல்ட் போட்டதும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது முட்டினால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். டர்போ மாற்றத்துக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வேண்டும் என்பதையும் செலவுக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டம் இன்டர்கூலரோடு, ரோன் 97 பெட்ரோலில், 0.4 பாரில். பூஸ்ட் ஏறும்போது, பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்டும் வைட்பேண்ட் மீட்டர் 11.5-க்கும் 12-க்கும் இடையில் நிற்க வேண்டும். ஒரு முழு இழுவை இழுத்ததும் எஞ்சினை அணைத்து, ஆறவிட்டுப் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்பு, வெள்ளிப் புள்ளிகள் தெரிந்தால் எஞ்சின் தட்டியிருக்கிறது; வெள்ளிப் புள்ளி பிஸ்டனின் அலுமினியம். பூஸ்ட்டை இறக்கி, இக்னிஷனை 2 டிகிரி பின்னுக்கு வைத்து, புதிய பிளக்கோடு மறுபடி பாருங்கள்.